கணக்குப் பெட்டி: 2.262 யார் போட்ட வேலி?

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பரீட்சைக் காய்ச்சலோடு வந்தவை. திருக்கடலூரிலிருந்து வந்த ஒன்று மட்டும் மீன் வாசத்தோடு வந்தது. அதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். மற்றவர்கள் கோபிக்க வேண்டாம்.

ரீச்சர், என் அப்பா கடல் தொழிலுக்குப் போகிறவர். பல்கலைக்கழகச் செயற்திட்டத்துக்காக அவருடைய பழைய வலையையும் புதிதாக வாங்கிய வலையையும் ஒரே இரவில் பக்கத்தில் பக்கத்தில் போடச் சொல்லி, பத்து இரவுகள் பிடிபட்ட மீனை நிறுத்து எழுதினேன். எட்டு இரவுகளில் புது வலைக்கு அதிகம். வித்தியாசங்களை வைத்து ரி-சோதனை (t-test) செய்தேன், 2.19 வந்தது. தாண்டினால்தான் வித்தியாசம் உண்டு என்று சொல்லலாம் என்கிற எல்லை, அதாவது அவதிப் பெறுமானம், 1.96 என்று ஒரு குறிப்பில் இருக்கிறது, இன்னோர் அட்டவணையில் 2.262 என்று இருக்கிறது. ஒன்றின்படி புது வலை நல்லது, மற்றதன்படி அப்படிச் சொல்ல முடியாது. "எந்த வலையைப் போடுவது, அதைச் சொல்லு" என்கிறார் அப்பா. இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன?
மாணவி, திருக்கடலூர்

உங்கள் அப்பா கேட்பதுதான் உண்மையான கேள்வி, பிள்ளை. அதற்குப் போகும் வழியில் உங்களுடையதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். பேராதனையில் படித்த காலத்தில், பழைய புத்தகக் கடையில் ஓர் அட்டவணைப் புத்தகம் வாங்கினேன். யாரோ தேநீர்க் கோப்பையை வைத்து எடுத்த வட்டம் சரியாக ரி அட்டவணையின் மேல் இருந்தது. "இந்த 2.262 எப்படி வந்தது?" என்று ஒரு விரிவுரையாளரைக் கேட்டேன். "அட்டவணையில் இருக்கிறது, எழுதுங்கள்" என்றார். எழுதினேன். பிறகு நானும் ஆசிரியையாகி, பல வருடங்கள் பிள்ளைகளுக்கு அதையே சொன்னேன். அந்தக் கடனைத் தீர்க்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிலோக் கணக்கை ஒரு பக்கம் வையுங்கள். எந்த இரவில் எந்த வலை வென்றது என்பதை மட்டும் பாருங்கள். இரண்டு வலைக்கும் வித்தியாசமே இல்லை என்று சற்று நேரம் நம்புவோம். புத்தகம் இதைச் சூனியக் கருதுகோள் என்கிறது. வீட்டு மொழியில் சொன்னால், எல்லாம் மீனின் விருப்பம். அப்படியென்றால் ஒவ்வோர் இரவும் பூவா தலையா போடுவதற்குச் சமம். பத்து இரவுகளுக்கு 1024 விதமான வரிசைகள் வரும், எல்லாவற்றுக்கும் ஒரே வாய்ப்பு. பத்து இரவும் புது வலை வெல்வது அவற்றில் 1 வரிசையில்தான். ஒன்பது இரவு வெல்வது 10 வரிசைகளில், ஏனென்றால் தோற்ற அந்த ஓர் இரவு பத்தில் எதுவாகவும் இருக்கலாம். எட்டு இரவு வெல்வது 45 வரிசைகளில். பழைய வலை இதே அளவுக்கு வென்றிருந்தாலும் நீங்கள் எனக்குக் கடிதம் போட்டிருப்பீர்கள் அல்லவா? ஆகையால் மறுபக்கத்தையும் எண்ண வேண்டும். ஒன்பதும் பத்தும் சேர்ந்து 11, இரு பக்கமும் 22. 1024 இல் 22 என்றால் நூற்றுக்கு 2.1. எட்டையும் உள்ளே எடுத்தால் 56, இரு பக்கமும் 112. அது நூற்றுக்கு 10.9.

நூற்றுக்கு ஐந்து தடவைக்கு மேல் சும்மா ஏமாறக் கூடாது என்று முன்கூட்டியே முடிவு செய்திருந்தால், வேலியை ஒன்பதில்தான் போட முடியும். எட்டில் போட்டால் ஏமாற்றம் பதினொன்றை நெருங்கிவிடும். அந்த ஒன்பதுதான் இந்தச் சோதனையின் அவதிப் பெறுமானம். எங்கிருந்தும் இறக்குமதியான எண் அல்ல. ஒன்றுமே நடக்கவில்லை என்றால் தற்செயல் என்னென்ன செய்யும் என்பதை ஒன்றுவிடாமல் எண்ணி, ஓரத்திலிருந்து ஐந்து சதவீதத்துக்கு மேற்படாமல் வெட்டினோம், அவ்வளவுதான். அட்டவணைப் புத்தகத்தின் எல்லாப் பக்கங்களிலும் நடந்திருப்பது இதே வேலைதான். சில பக்கங்களில் விரல்விட்டு எண்ணலாம். சில பக்கங்களில் எண்ணுவதற்குப் பதிலாக வளைவின் கீழ் பரப்பளவு காண வேண்டும்.

இனிக் கிலோவைத் திரும்ப எடுப்போம். ரி என்பது ஒரு பின்னம். மேலே சராசரி வித்தியாசம்; கீழே அந்தச் சராசரி வழக்கமாக எவ்வளவு ஆடும் என்ற மதிப்பீடு. சிக்கல் முழுவதும் கீழேதான் இருக்கிறது. மேலே உள்ளதைத் தந்த அதே பத்து இரவுகள்தான் கீழே உள்ளதையும் தருகின்றன.

இதை நான் பிள்ளைகளுக்குக் காட்டியது ஒரு கடகத்தை வைத்து. எங்கள் ஒழுங்கையில் மாதச் சீட்டுக் குலுக்குகிற பனையோலைக் கடகம் அது. துண்டுத் தாள்களில் எண்களை எழுதிப் போட்டேன்: பூச்சியத்துக்குக் கிட்டிய எண்கள் நிறைய, தூரத்து எண்கள் கொஞ்சம், மறை எண்களும் உண்டு. மொத்தச் சராசரி பூச்சியம்; எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறி நிற்கின்றன என்ற அளவு, அதாவது நியம விலகல், 5. ஒவ்வொருவரும் குலுக்கி நான்கு துண்டு எடுத்து, எழுதிக்கொண்டு, திரும்பப் போட வேண்டும். ஒரு பெண்பிள்ளைக்கு வந்தவை 0, 4, 5, 7. சராசரி 4.

கடகத்தின் விலகல் 5 என்று தெரிந்தவருக்குக் கணக்குச் சுலபம். நான்கு துண்டின் சராசரி வழக்கமாக ஆடும் அளவு, 5 ஐ நான்கின் வர்க்கமூலமான 2 ஆல் வகுக்க 2.5. நான்கை 2.5 ஆல் வகுத்தால் 1.6. வேலி 1.96, உள்ளேதான் நிற்கிறோம். ஆனால் அந்தப் பிள்ளைக்குக் கடகத்தின் உள்விவகாரம் தெரியாது. கையில் உள்ள நான்கு துண்டிலிருந்தே விலகலைக் கணித்தாள், 2.94 வந்தது. ஐந்து எங்கே, 2.94 எங்கே. அதை 2 ஆல் வகுத்தால் 1.47, நான்கை அதனால் வகுத்தால் 2.72. "ரீச்சர், தாண்டிவிட்டது!" என்று துள்ளினாள். உள்ளே சராசரி பூச்சியம் என்பது என் கையாலேயே எழுதிப் போட்டது.

எடுத்த துண்டுகள் தற்செயலாக ஒன்றுக்கொன்று கிட்ட வந்துவிட்டால், கீழே உள்ள எண் சுருங்கி ரி ஊதிப் பெருத்துவிடுகிறது. சிறிய மாதிரியில் இது அடிக்கடி நடக்கும். அதனால் ரி-யின் பரம்பலுக்கு, அதாவது எந்தப் பெறுமானம் எவ்வளவு அடிக்கடி வரும் என்று காட்டும் வளைவுக்கு, ஓரங்கள் தடித்துவிடுகின்றன, வேலியும் தள்ளிப்போக வேண்டியிருக்கிறது. நான்கு துண்டுகளுக்கு வேலி 3.182. இப்போது 2.72 உள்ளே அடங்கிவிடுகிறது, பாருங்கள். பத்துக்கு 2.262. முப்பத்தொன்றுக்கு 2.042. மாதிரி பெரிதாகப் பெரிதாக அது இறங்கி இறங்கி 1.96 இல் போய் நிற்கும். பத்து இரவுகளுக்கு நீங்கள் 1.96 ஐப் பாவித்தால், ஐந்து தடவை ஏமாறுவதாகச் சொல்லிக்கொண்டு உண்மையில் நூற்றுக்கு எட்டுத் தடவை ஏமாறுவீர்கள்.

இதை முதலில் பிடித்தவர் பேராசிரியர் அல்லர், பியர் வடிசாலை ஊழியர். டப்ளினில் கின்னஸ் நிறுவனத்தில் வேலை செய்த வில்லியம் கொசெற். பார்லியும் ஹொப்ஸும் அவருக்கு நான்கு, ஐந்து மாதிரிகளாகத்தான் கிடைக்கும். ஆயிரக்கணக்கில் அளந்து பார்க்கிற வசதி கிடையாது. 3000 குற்றவாளிகளின் உயரமும் இடது நடுவிரல் நீளமும் அளக்கப்பட்டிருந்த ஒரு பழைய பட்டியலை எடுத்து, அட்டைகளில் எழுதி, நன்றாகக் கலைத்து, நான்கு நான்காகப் பிரித்து 750 மாதிரிகள் ஆக்கினார். சமன்பாட்டால் தாம் கண்ட வளைவோடு அவற்றை ஒப்பிட்டார். கடகம் இல்லையே தவிர வேலை ஒன்றுதான். 1908 இல் அந்தக் கட்டுரை வந்தபோது அதில் அவர் பெயர் இல்லை. ஊழியர்கள் சொந்தப் பெயரில் எழுத நிறுவனம் விடவில்லை. "ஸ்ரூடன்ற்" என்று போட்டார், மாணவன் என்று பொருள். இன்றும் அது ஸ்ரூடன்ற் ரி-தான். அந்தக் கட்டுரையின் அட்டவணை மாதிரி அளவு 4 முதல் 10 வரைக்கும்தான் போகிறது. உங்கள் பத்து இரவுகள் அதன் எல்லையில்தான் நிற்கின்றன.

சரி, அப்பாவுக்கு என்ன சொல்வது? உங்கள் வேலி 2.262. உங்கள் 2.19 உள்ளே நிற்கிறது. வலைகள் சமமாக இருந்தாலும் நூற்றுக்கு ஐந்தரைத் தடவைக்குச் சற்று மேல் இப்படியோ இதைவிடப் பெரிதாகவோ வரும். எண்ணிப் பார்த்த வழியிலும் எட்டு, அங்கே வேலி ஒன்பது. இதனால் இரண்டு வலையும் ஒன்று என்று அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள், சிரிப்பார். பத்து இரவுகள் போதவில்லை என்பதுதான் செய்தி. இன்னும் இருபது இரவுகள் இரண்டையும் போடச் சொல்லுங்கள், ஒருநாள் புது வலை இடப்பக்கம் என்றால் மறுநாள் வலப்பக்கம். ஒரே இரவில் இரண்டையும் போட்டது நல்ல யோசனை. நிலவு காலமா இருட்டா என்ற வித்தியாசம் அதிலேயே கழிந்துவிடுகிறது. புதிய இருபதைத் தனியாகக் கணக்கிட்டால் வேலி 2.093. ஒன்றில் மட்டும் நான் கண்டிப்பு: ஒவ்வொரு விடியலிலும் கணக்குப் போட்டுப் பார்த்து, தாண்டிய அன்றைக்கு நிறுத்தக் கூடாது. அப்படிச் செய்தால் 2.093 என்ற வேலி உங்களுக்குப் பொருந்தாது. அது இருபது இரவும் முடிந்த பிறகு ஒரே தடவை பார்ப்பவருக்குப் போட்ட வேலி.

அட்டவணை இல்லாமல், சாதாரணக் கல்குலேற்றரில் அவதிப் பெறுமானம் எடுக்க முடியுமா?
உயர்தர மாணவன், கிண்ணியா

சிலவற்றை முடியும் தம்பி. செய்துபாருங்கள், மனதுக்கு நல்லது.

கடற்கரை நேர்கோடாகப் போகிறது என்று வையுங்கள். கரையிலிருந்து சரியாக 1 கிலோமீற்றர் தள்ளிக் கடலில் ஒரு கலங்கரை விளக்கம். அதன் கதிர் சீராகச் சுழல்கிறது. கண்ணை மூடித் திறக்கிற கணத்தில் ஒளி கரையில் எங்கே படுகிறது? கதிர் கரையை நோக்கிய கோணம் மறை 90 பாகையிலிருந்து நேர் 90 பாகை வரை எதுவாகவும் இருக்கலாம், எல்லாம் சமவாய்ப்பு. நடுவில் 95 சதவீதத்தை எடுத்தால் 85.5 பாகை. கல்குலேற்றரில் tan 85.5 அழுத்துங்கள்: 12.706. இருபதில் பத்தொன்பது தடவை ஒளி நேரெதிர்ப் புள்ளியிலிருந்து 12.706 கிலோமீற்றருக்குள் விழும். இப்போது ரி அட்டவணையின் முதல் வரிசையைத் திறந்து பாருங்கள், இரண்டே அவதானங்கள் உள்ளபோது. அதே எண். முதன்முதலில் இது பொருந்தியபோது மின்சாரம் போயிருந்தது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மூன்று தடவை அழுத்திப் பார்த்தேன்.

இன்னொரு சோதனைக்குரிய கைவர்க்க (chi-square) அட்டவணையின் முதல் வரிசையிலுள்ள 3.841 ஐ யாரும் மனனம் செய்யத் தேவையில்லை, 1.96 ஐ வர்க்கித்தால் போதும். அடுத்த வரிசையின் 5.991 இன்னும் அழகு. அங்கே ஓரத்துப் பரப்பளவு வெறும் அடுக்குக்குறிச் சார்பு. 0.05 இன் இயற்கை மடக்கை எடுத்து மறை இரண்டால் பெருக்குங்கள், வந்துவிடும். மற்ற வரிசைகள் பெரும்பாலும் இப்படி ஒரு தட்டில் வரா. அங்கே ஓர் எண்ணை ஊகித்து, பரப்பளவு பார்த்து, கூடினால் குறைத்து, குறைந்தால் கூட்டி நெருங்க வேண்டும். அந்தக் காலத்தில் கையால் சுற்றும் கணிப்பு இயந்திரங்களோடு மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்த வேலை. கணினி கண் இமைக்குமுன் செய்துவிடுகிறது.

ஐந்து சதவீதம் என்பது யார் கொண்டுவந்த சட்டம்? நாலு ஏன் ஆகாது, ஆறு ஏன் ஆகாது?
ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், உவர்மலை

சட்டம் இல்லை ஐயா, பழக்கம். வளைவின் வடிவத்தைக் கணிதம் தருகிறது. எங்கே வெட்டுவது என்பது மனிதர் எடுக்கும் முடிவு. இங்கிலாந்தில் றொதம்ஸ்ரெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த புள்ளிவிபரவியலாளர் பிஷர், 1925 இல் வெளியிட்ட புத்தகத்தில், இருபதில் ஒன்றுக்குரிய எல்லை 1.96, ஏறத்தாழ 2, ஆகவே அதை எல்லையாக எடுப்பது வசதி என்று எழுதினார். வசதி என்றுதான் சொன்னார். சத்தியம் என்று சொல்லவில்லை. அந்தப் புத்தகத்தின் பின்னால் இருந்த அட்டவணைகள் 0.05, 0.02, 0.01 போன்ற சில நிரல்களுக்கு மட்டும் எண்களைத் தந்தன. கையில் இருக்கும் நிரலைத்தானே எல்லோரும் பார்ப்பார்கள்? கந்தோரில் அச்சடித்த படிவம் வந்த பிறகு, அதில் இல்லாத கேள்வியை யாராவது கேட்டதுண்டா? உங்களுக்குத் தெரியாததா.

1956 இல் வந்த இன்னொரு புத்தகத்தில் அதே பிஷர், வருடத்துக்கு வருடம், எல்லாச் சூழலிலும் ஒரே மட்டத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிற ஆராய்ச்சியாளர் எவரும் இல்லை என்ற கருத்தில் எழுதினார். அதற்குள் குதிரை லாயத்தை விட்டு ஓடிவிட்டது. பௌதிகக்காரருக்கு இருபதில் ஒன்று போதாது. 2012 இல் ஹிக்ஸ் துகளை அறிவித்தபோது அவர்கள் வைத்திருந்த வேலி ஐந்து நியம விலகல். சும்மா அப்படி வருவதற்கு ஏறத்தாழ 35 இலட்சத்தில் ஒரு வாய்ப்பு. மீன் வலைக்கு அது தேவையில்லை. தவறினால் என்ன நட்டம் என்று கேட்டு வெட்டுமிடத்தைத் தீர்மானிப்பதே என் கட்சி.

கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளில் எது அதிகச் சூடு என்று வீட்டில் தகராறு. ஒவ்வொன்றிலும் பல தடவை வெப்பநிலை எடுத்து, இரண்டிரண்டாக ஒப்பிட்டு முடிவு சொல்லலாமா?
வாசகி, நிலாவெளி

சொல்லலாம், ஆனால் வேலியை முதலில் தள்ளிப் போடுங்கள். ஏழு கிணறுகளை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 21 சோடிகள். ஒவ்வொரு சோடிக்கும் இருபதில் ஒரு தடவை ஏமாறலாம் என்று வைத்தால், எல்லாக் கிணறும் ஒரே சூடு என்றாலும் 21 சோடியில் சராசரியாக ஒன்று பொய்யாகக் கைதூக்கும். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு உங்கள் வீட்டில் ஒருவர் வெற்றி விழாக் கொண்டாடுவார். எளிய வழி, 0.05 ஐ 21 ஆல் பிரித்துக்கொடுப்பது. அப்போது ஒரு சோடிக்கு 0.0024 கூட மிஞ்சாது. நிறைய அளவீடுகள் இருந்தாலும் 1.96 க்குப் பதிலாக வேலி 3.04 ஆகிவிடும். இதைவிடச் சற்றுத் தாராளமான வழிகளும் உண்டு. ஏழில் மிகப் பெரிதுக்கும் மிகச் சிறிதுக்கும் இடையிலான வித்தியாசம் தற்செயலாக எவ்வளவு வரும் என்று கணித்து அதற்கென்றே போட்ட அட்டவணை இருக்கிறது.

காலையிலேயே போங்கள். குளிக்க வருகிறவர்கள் வாளி வாளியாக அள்ளத் தொடங்கிவிட்டால் எந்தக் கிணற்றில் எவ்வளவு தண்ணீர் போனது என்பது வேறு கணக்கு. ஏழு கிணற்றுக்கும் ஒரே வெப்பமானியைப் பாவியுங்கள், போகும் வரிசையைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். கடகம் வேண்டுமென்றால் என்னிடம் இருக்கிறது. மாதச் சீட்டு முடிந்து அடுத்த நாள் வந்து வாங்கிக்கொண்டு போகலாம்.